பதினோராவது பந்தி

பான், ஜேர்மனி
30.09.2025, செவ்வாய் இரவு

அன்புள்ள நிசாந் அண்ணாவுக்கு,

கவிசா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீங்களும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு வரிகூட எழுதாதவள் இப்படித் தொடங்குவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கனகவல்லி ரீச்சர் சொல்லித் தந்தவர். வேறு விதமாகத் தொடங்க எனக்குத் தெரியவில்லை.

முதலில் டொச் மொழியில்தான் எழுதிப் பார்த்தேன். காய்ச்சல், வர ஏலாது என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதும் கடிதம் போல வந்தது. கிழித்துவிட்டேன். தமிழில் எழுதினால் நீங்கள் வாசிக்கும்போது என் குரல் கேட்கும் என்று நினைக்கிறேன். எழுத்துப் பிழைகளை மன்னியுங்கள்.

தொலைபேசி இரவு ஒன்பது மணிக்குக் குசினி மேசை லாச்சிக்குள் போய்விடும். அது அம்மா போட்ட சட்டம், அப்பா இன்னும் மாற்றவில்லை. பகலில் உங்கள் இலக்கத்தை எத்தனையோ தரம் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஹலோ என்று சொன்னால் எனக்கு ஒன்றும் சொல்ல வராது. அதனால்தான் கடதாசி. என் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய பொதியில் இருந்த முகவரியைப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். அந்தப் பொதியை அப்பா திறக்கவும் இல்லை, எறியவும் இல்லை. அலுமாரிக்கு மேல் இருக்கிறது. தூசு தட்டும் நாளில் அதையும் தூக்கித் தட்டிவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைக்கிறார்.

அப்பாவுக்கு இன்னும் அதே கோயில் வேலைதான். காலை ஆறரைக்குத் திறக்கிறார், பீடத்தை ஆயத்தம் செய்கிறார், கதிரை அடுக்குகிறார், கோயிலின் பங்கு மக்களுக்கான செய்தித்தாள்களை அச்சிட்டு மடிக்கிறார். ஆனால் பூசையில் பாட்டுத் தொடங்கியதும் குருவானவரின் உடுப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். பாட்டு முடிந்த பிறகுதான் வெளியே வருகிறார். முந்தி அவருடைய குரலைக் கேட்டு முன்வரிசைக் கிழவிகள் திரும்பிப் பார்ப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஏன் உள்ளே போகிறீர்கள் என்று ஃபாதர் ஒருநாள் கேட்டதற்கு, "சாவியளைச் சரிபாக்கோணும், ஃபாதர்" என்றாராம். ஐந்து சாவிதான் இருக்கிறது.

இனி நான் எழுத வந்த செய்தி. உங்கள் நான்ட் அவெல் ஆண்கள் பாடற்குழு வேல்ஸில் இருந்து வந்து ஒக்ரோபர் பதினெட்டாம் திகதி சனிக்கிழமை எங்கள் கோயிலில் பாடப் போகிறது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் போன கிழமைதான் தெரியும். எங்கள் சங்கீத ரீச்சர் பிரவ் லின்ட்னர்தான் பங்குப் பாடகர் குழுவையும் நடத்துகிறார். அவர் போன வருடம்தான் வந்தவர், எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் அவருக்குத் தெரியாது. குழுவின் வரலாறு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது, நிகழ்ச்சிப் புத்தகத்துக்கு யார் அதை டொச்சில் மாற்றித் தருவீர்கள் என்று வகுப்பில் கேட்டார். யோசிக்க முதல் என் கை மேலே போய்விட்டது. அதில் உங்கள் பெயர் இருக்கும், அதை ஒருக்கால் அச்சில் பார்க்கலாம் என்ற ஆசை.

இதுவரை வாசித்த பந்திகளில் உங்கள் பெயர் இல்லை. ஆனால் நீங்கள் இருக்கிறீர்கள். எட்டாவது பந்தியில் இப்படி எழுதியிருக்கிறது: "பானில் வளர்ந்த ஒரு தமிழ் ஆண் தாதியும் இப்போது எங்கள் இரண்டாம் டெனர் குரல்களில் ஒருவர். அவர் சேர்ந்த மாதமே வெல்ஷ் சொற்களை எங்களில் பலரைவிடச் சரியாக உச்சரித்தார். நாங்கள் பழக்கத்தில் பாடினோம், அவர் எழுதியிருந்ததைப் பார்த்துப் பாடினார்." எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து அறையில் அப்பா இருமினார், வாயைப் பொத்திக்கொண்டேன்.

வரலாறு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1894இல் பதினேழு சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கியது. முதல் நடத்துநர் ஒரு கொல்லர். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாத ஆட்களுக்காகப் பட்டறைக் கதவில் வெண்கட்டியால் டோ, ரே, மீ என்று எழுதிப் பழக்கினாராம். பெண்களை உள்ளே விடவில்லையாம். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த புருசன்மாருக்கு எங்கே பிழைத்தது என்று சொல்லிக் கொடுத்தார்களாம். 1926இல் நீண்ட வேலைநிறுத்தம். பதினொரு பேர் ஊர் ஊராக நடந்து பாடி, பிள்ளைகளின் கஞ்சிக்கு மாவும் உருளைக்கிழங்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். வழியில் ஒரு டெனரின் சப்பாத்து பிய்ந்துபோக, அளவு சிறிய சப்பாத்தை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பாடினாராம். அன்றைக்கு அவருடைய மேல் ஸ்வரம் முந்தி ஒருநாளும் போகாத உயரத்துக்குப் போனது என்று எழுதியிருக்கிறார்கள். 1931இல் முதற்பரிசு. போர்க்காலத்தில் ஒன்பதே பேர், ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியையும் விடவில்லை. 1968இல் மறுபடியும் முதற்பரிசு. பிறகு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பயிற்சியை மூடவில்லை.

வருகிறவர்களின் பட்டியலும் வந்திருக்கிறது. முப்பத்தொரு பேர். நான் இரண்டு தரம் விரல் வைத்து எண்ணினேன். உங்கள் பெயர் இல்லை. செயலாளர் கெத்தின் என்பவர் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார், எங்கள் தாதிக்கு அந்த வார இறுதியில் வேலை என்று. அண்ணா, வேலைநேரம் மாற்றுவதில் உங்களை வெல்ல ஆள் இல்லை. என் முதல் நன்மைப் பூசைக்கு மூன்று பேரோடு நேரம் மாற்றிக்கொண்டு வந்தவர் நீங்கள். வேலை என்பது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

காரணம் நான். அதை எழுதத்தான் தொடங்கினேன். சப்பாத்துக் கதையெல்லாம் எழுதிவிட்டேன், அதை மட்டும் இன்னும் எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. மொழிபெயர்ப்பில் மூன்று பந்திகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

கவிசா

•

02.10.2025, வியாழன் இரவு

அன்புள்ள அண்ணா,

முதல் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. புத்தகப்பைக்குள் கணிதக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தபால்பெட்டியைக் கடந்து போய் வந்தேன்.

பதினோராவது பந்தியை இன்று பின்னேரம் வாசித்தேன். அதை அப்படியே தமிழில் தருகிறேன். கெத்தின் இப்படி எழுதியிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

"2023 யூலை. ஐம்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு எங்களுக்கு முதற்பரிசு. போட்டி நாளில் எல்லோருடைய தொலைபேசிகளையும் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடி வைப்பது எங்கள் வழக்கம். முடிவு சொன்ன பிறகு பெட்டியைத் திறந்தபோதுதான், எங்கள் இரண்டாம் டெனர் ஒருவருக்கு ஜேர்மனியில் அவருடைய தாயார் இறந்துவிட்ட செய்தி தெரிந்தது. தாயாரின் நோய் இவ்வளவு கடுமை என்பதே அதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் கார் நிறுத்துமிடத்தில், மழையில், நடத்துநர் இல்லாமல் அவருடைய தாயாருக்காகப் பாடினோம். பரிசுக் கிண்ணத்தை மதில்மேல் மறந்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை அங்கே கூட்டித் துடைக்கும் பெண் ஒருவர் அதைக் கொண்டுவந்து தந்தார். பாஸ் குரல் பாடும் எம்லின், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, அன்றிரவே நாலரை மணிநேரம் ஓட்டி அவரை விமான நிலையத்தில் சேர்த்தார். பெட்டி இல்லாதிருந்தால் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஆறாத வருத்தம். பெட்டியை எடுத்துவிட்டோம். இப்போது பாடாத ஒருவர் தொலைபேசிகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நிற்பார். நூற்றுமுப்பது வருடத்தில் நாங்கள் மாற்றிய விதி இது ஒன்றுதான்."

அண்ணா, நீங்கள் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பேர் ஒரு பிஸ்கட் பெட்டியின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு இரண்டு வருடமாக இருக்கிறார்கள். பெட்டியில் ஒரு பிழையும் இல்லை.

போட்டிக்கு முதல் நாள், அந்த வெள்ளிக்கிழமையை இதுவரைக்கும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. வேறு சின்னச் சின்னப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் பின்னேரம் ஆறு மணி. பெண் டொக்டர் வேகமாகக் கதைத்தார். அப்பாவுக்கு டொச் நல்லாய்த் தெரியும், ஆனால் டொக்டர்மாரின் டொச் என்றால் என்னைத்தான் முன்னுக்கு விடுவார். அம்மாவுக்கு இன்னும் சில நாட்கள்தான் என்று நான்தான் தமிழில் சொன்னேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "பிள்ளை, அண்ணாவுக்குப் போன் அடி. இண்டைக்கே வெளிக்கிடச் சொல்லு. நான் டொக்டரோட இன்னும் கதைக்கோணும்" என்றார். நான் அம்மாவின் அறைக்குள் வந்தேன். உங்கள் இலக்கத்தை எடுத்துவிட்டேன். அழுத்துவது மட்டும்தான் மிச்சம். அம்மா முழித்திருந்தா. ஆருக்கு என்று கேட்டா. அண்ணாவுக்கு என்றேன். "நாளைக்கெல்லே அவனுக்குப் பாட்டு. ஒரு வருசமா ஓடி ஓடிப் பழகினவன். பாடி முடியட்டும் பிள்ளை. அதுக்குப் பிறகு சொல்லுவம். நான் எங்கை ஓடப்போறன்?" என்று சிரித்தா. கையை நீட்டி என் தொலைபேசியை மெல்லமாகக் கவிழ்த்து வைத்தா.

அம்மா சொன்னபடி செய்தேன். அது பிழை என்று அப்போது தெரியவில்லை. பிழை அதற்குப் பிறகு வந்தது. அப்பா வந்து, "சொன்னனியோ?" என்றார். அம்மா கண்ணை மூடியிருந்தா. நான், "ஓம்" என்றேன். அத்தோடு விடுவார் என்று நினைத்தேன். "என்ன சொன்னவன்?" என்று கேட்டார். அம்மா சொன்னதுதான் வாயில் இருந்தது. "பாடிப்போட்டு வாறாராம்" என்றேன்.

அப்பாவின் முகம் அப்போது எப்படி மாறியது என்று என்னால் எழுத ஏலாது. அந்தச் சொல்லை நீங்கள் சொல்லவே இல்லை, அண்ணா. அதைச் செய்தவள் நான்.

அடுத்த நாள் பின்னேரம் மூன்று நாற்பதுக்கு அம்மா போய்விட்டா. பென்ஜமின் சித்தப்பாதான் உங்களுக்குத் திரும்பத் திரும்ப அடித்தவர். நீங்கள் வந்து சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. கோயில் வாசலில் எல்லோருக்கும் முன்னால் அப்பா உங்களிடம், "பாடி முடிஞ்சுதோ?" என்று கேட்டார். நீங்கள் விளங்காமல் அவரைப் பார்த்தீர்கள். பிறகு என்னைத் தேடிப் பார்த்தீர்கள். நான் கனகவல்லி ரீச்சருக்குப் பின்னால் நின்றேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலும், நீங்கள் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு நீங்கள், "ஓம் அப்பா" என்றீர்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அப்பா உங்களோடு கதைக்கவில்லை. நீங்களும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு இப்போது பதினான்கு, நவம்பரில் பதினைந்து. இந்த வீட்டில் நானும் அப்பாவும் இரண்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவர் எனக்கு மீனில் முள் எடுத்துத் தருகிறார். கூட்டாளிகள் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் சுவரில் இருக்கும் உங்கள் படத்தைக் காட்டி, இவர் யார் என்று கேட்பார்கள்.

நாளை விடுமுறை. பிரவ் லின்ட்னருக்கு மொழிபெயர்ப்பை இன்றிரவே அனுப்ப வேண்டும். அவர் அதைப் பங்குக் காரியாலயத்துக்கு அனுப்புவார். சனிக்கிழமை அதை அச்சிட்டு மடிக்கிறவர் அப்பா. மடிக்க முதல் அப்பா எதையும் முழுக்க வாசிப்பார், உங்களுக்குத் தெரியும்தானே, ஒருக்கால் பூசை நேரம் பிழையாக அச்சாகி முழுப் பங்கும் ஒரு மணித்தியாலம் முந்தி வந்து நின்றதற்குப் பிறகு.

பதினோராவது பந்தியை விட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிரவ் லின்ட்னர் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. பத்து என்பதும் நல்ல இலக்கம்தான். இன்னொரு வழியும் இருக்கிறது. அப்பா கேட்டால், நான் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை, குரற்பதிவில் சொன்னேன், பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். கண்ணாடிக்கு முன் நின்று அதைச் சொல்லிப் பழகினேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் எனக்குக் கூடப் பயம்.

மணி பன்னிரண்டு ஆகப் போகிறது. பள்ளிக்கூடம் தந்த கணினி மடியில் இருக்கிறது.

அனுப்பிவிட்டேன், அண்ணா. பதினொரு பந்தியும்.

கவிசா

•

06.10.2025, திங்கள் இரவு

அன்புள்ள அண்ணா,

மூன்று கடிதங்களையும் ஒரே உறைக்குள் வைக்கிறேன். நாளை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் தபால் கந்தோரில் நேராகக் கொடுப்பேன். விரைவாகப் போகிற மாதிரி அனுப்பச் சொல்வேன். உங்கள் ஆட்கள் பதினாறாம் திகதி வெளிக்கிடுகிறார்கள், அதற்கு முன் உங்களிடம் வந்துவிட வேண்டும்.

சனிக்கிழமை நான் மத்தியானச் சமையலுக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அப்பா வந்தார். அந்த நேரம் அவர் வருவதில்லை. ஜக்கெற் கழற்றவில்லை. கையில் மடிக்காத ஒரு தாள். "பிள்ளை, இதை ஒருக்காத் தமிழில சொல்லு" என்றார். அண்ணா, அப்பா கந்தோர்க் கடிதங்களையே தனியாக வாசிக்கிறவர். அந்தத் தாளில் அவருக்கு விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை. அவருடைய விரல் எங்கே இருந்தது என்று பார்த்தேன்.

வாசித்தேன். மெதுவா என்றார். மெதுவாக வாசித்தேன். தாயாரின் நோய் இவ்வளவு கடுமை என்பதே அதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்ற வரிக்கு வந்ததும், "அதை இன்னொருக்கா" என்றார். மூன்று தரம் சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நான் வெட்டி வைத்த லீக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழுதும் முடிந்த பிறகு, "சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் அவனுக்கு ஒண்டும் தெரியாதெண்டால், வெள்ளிக்கிழமை உன்னோட எப்பிடிக் கதைச்சவன்?" என்று கேட்டார்.

குரற்பதிவுக் கதை என் வாய்க்குள் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "கதைக்கேல்லை அப்பா. நான் எடுக்கவேயில்லை" என்றேன்.

"அப்ப பாடிப்போட்டு வாறன் எண்டது?"

அது நான் சொன்னது என்றேன்.

கதிரையில் இருந்தார். ஜக்கெற்றோடேயே. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது, நான் நிறுத்தவும் போகவில்லை. பிறகு, "கொம்மாவோ மறிச்சவ?" என்று கேட்டார். அம்மாவைச் சொல்லி நான் தப்புவதா என்று இருந்தது. அவர் தானாகவே, "மறிச்சிருப்பா" என்றார். எழும்பி அடுப்பை நிறுத்திவிட்டுக் காரியாலயத்துக்குத் திரும்பிப் போனார். இன்னும் முந்நூறு மடிக்க இருந்தது.

என்னை ஏசவில்லை. அடிக்கவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து என்னோடு அவர் கதைத்தது இரண்டே சொல். "சாப்பாடு இருக்கு." ஞாயிறும் அதுதான், இன்றும் அதுதான். ஞாயிறு பூசையில் பாட்டுத் தொடங்கியதும் வழமைபோல உடுப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வெளியே சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புத்தகங்கள் கோயில் வாசலில் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பதினோராவது பந்தி இருக்கிறது. அதை எடுத்துவிட அவரால் முடிந்திருக்கும், ஆனால் அவர் எடுக்கவில்லை.

இனி இன்று நடந்தது. உங்கள் குழுவினர் ஹோட்டலில் தங்குவதில்லை, பங்கு மக்களின் வீடுகளில் வீட்டுக்கு இரண்டு பேராகத் தங்குகிறார்கள். பெயர் கொடுக்கும் தாள் பிரவ் லின்ட்னரிடம் இருக்கிறது. இன்று வகுப்பு முடிய என்னைக் கூப்பிட்டு, உன் அப்பா நல்ல மனிதர், நேற்றுப் பூசைக்குப் பிறகு வந்து தன் வீட்டுக்கும் விருந்தாளி வேண்டும் என்று கேட்டார் என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பங்குத் தந்தை வந்தே ஒரு வருடம். அப்பா ஒரு ஆளின் பெயரைச் சொல்லித்தான் கேட்டாராம். எம்லின், பஸ் ஓட்டினவர், அவர் எங்களிடம்தான் தங்க வேண்டும் என்றாராம். எம்லினை ஏற்கெனவே வேறு வீட்டுக்குப் போட்டிருந்தது. அதை மாற்றும் வரைக்கும் அப்பா மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு பிரவ் லின்ட்னர், உங்களுக்கு இன்னொருவரையும் தரவேண்டும், இரண்டாவது வரியில் யாரைப் போட என்று கேட்டிருக்கிறார். அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது, நீங்கள் எழுத வேண்டாம் என்று அப்பா சொன்னாராம்.

யார் அந்த ஆள், சித்தப்பாவா என்று பிரவ் லின்ட்னர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அதற்கு மேல் அவர் முன்னால் நிற்க ஏலாமல் போய்விட்டது. பிள்ளைகள் கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது உங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. அங்கே வைத்திருந்த இஸ்திரி மேசை, பழைய பெட்டிகள் எல்லாவற்றையும் நிலக்கீழ் அறைக்கு இறக்கியிருக்கிறார். இரண்டு கட்டில் போட்டிருக்கிறார், ஒன்று பென்ஜமின் சித்தப்பா வீட்டிலிருந்து வந்தது. பெரிய ஆட்களுக்கு நீளம் காணாது என்று நினைத்தாராக்கும், அதன் கால்மாட்டில் ஒரு கதிரையைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஜன்னல் ஓரக் கட்டிலுக்குக் கதிரை இல்லை. அதற்கு உங்கள் நீல நிறப் போர்வையை விரித்திருக்கிறார். என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பா உங்களுக்குப் போன் அடிக்கமாட்டார், அண்ணா. தொலைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் இருந்ததை நேற்று இரவு கதவு இடுக்கால் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். பிறகு லாச்சிக்குள் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கோயில் வாசலில் ஊர் பார்க்கக் கேட்ட கேள்வியை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்க வைத்தவள் நான்தான் என்று எழுதிவிட்டேன், இனி அவர்மேல் கோபம் வைக்காதீர்கள். அம்மாமேலும் வைக்காதீர்கள். அவ உங்களுக்குப் பாட்டு முடியட்டும் என்றுதான் சொன்னா, அப்பாவுக்குப் பொய் சொல்லு என்று சொல்லவில்லை.

கெத்தினுக்கு ஆங்கிலத்தில் நானே எழுதுவேன். பெட்டி ஒன்றும் செய்யவில்லை என்று அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் தெரிய வேண்டும். எம்லின் வந்ததும் அவருடைய முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அதற்குள் தைரியம் வருமோ தெரியாது. ஆனால் முதலில் உங்களுக்கு எழுதாமல் ஒருவருக்கும் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

நேரம் மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பாடாவிட்டாலும் பரவாயில்லை, வாங்கோ. வந்தால் என்னோடு கதைக்க வேண்டும் என்றில்லை, பார்க்க வேண்டும் என்றும் இல்லை. நான் பின்பக்கத்தில் வருகிறவர்களுக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டு நிற்பேன், உங்களுக்கு இடைஞ்சலாக வரமாட்டேன். நீங்கள் நேராக அப்பாவிடம் போங்கோ. பாட்டுத் தொடங்க முதல் போங்கோ, பிறகு அவர் அறைக்குள் போய்விடுவார். அந்த அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை, தள்ளினால் திறக்கும்.

ஆண்டவர் உங்களைச் சுகமாகக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
கவிசா